விதைநெல்லும் பதினொரு ஆட்டங்களும்

கேள்வி இதுதான். ஜூலை மாதக் கடைசி வாரம். ஒரு பேஸ்பால் அணி தன் பிரிவின் முதலிடத்துக்கு இரண்டு ஆட்டம் பின்னால் நிற்கிறது. அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரப் பிட்சர் (பந்து எறிபவர்) ஒருவரை வேறோர் அணி விற்க முன்வருகிறது. கேட்கும் விலை, நாலைந்து ஆண்டுகளாக வளர்த்துவரும் மூன்று இளம் வீரர்கள். கொடுக்கலாமா? கேட்டவர் கூடவே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: “இது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போல இல்லையா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். இரண்டு ஆட்டம் பின்னால் நிற்பதால்தான் கொடுக்கலாம். அதே அணி பத்து ஆட்டம் முன்னால் நின்றால் வேண்டாம் என்பேன். பத்து ஆட்டம் பின்னால் நின்றாலும் வேண்டாம் என்பேன். அந்தப் பிட்சர் எவ்வளவு பெரியவர் என்று நான் இன்னும் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வியாபாரத்தில் எல்லாரும் பிட்சரின் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது புள்ளிப் பட்டியலை.

விதைநெல் உவமை பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. விவசாயி எடுத்துவைக்கும் விதையில் நூற்றுக்கு எண்பதாவது முளைக்கும். முளைக்காத விதையை அவர் விதை என்றே சொல்ல மாட்டார். பேஸ்பாலின் நாற்றங்கால் அப்படியல்ல. அது வானம் பார்த்த பூமி. இருபது வயதில் மணிக்கு 97 மைல் வேகத்தில் எறியும் பையன், இருபத்திரண்டில் முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டோடு உட்கார்ந்திருப்பான். எந்தக் கதிரில் மணி பிடிக்கும் என்று எறிகிறவனுக்கும் தெரியாது, பார்த்துக் குறித்துக்கொள்கிறவனுக்கும் தெரியாது. ஆனாலும் பிடித்துவிட்டால் அது ஒரு பஞ்சத்தையே தாண்டவைக்கும். அந்தப் பாதிதான் பயமுறுத்துகிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மேஜர் லீக் அணி ஓர் ஆண்டில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்; சமனானால் நீளும். இரண்டு அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை சமமில்லாதபோது இடைவெளியில் அரை ஆட்டமும் வரும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் எறிவார். மற்ற நாள்களில் வேலியோரம் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருப்பார். ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதப்படும். ஆக, ஜூலை 31 வாக்கில் வந்து சேரும் பிட்சருக்கு மிச்சமிருப்பது பதினொரு ஆட்டம்தான். நான் உத்தேசமாகச் சொல்லவில்லை. 1987இல் ஆகஸ்ட் நடுவில் டெட்ராய்ட்டுக்குப் போன டாயில் அலெக்ஸாண்டர்கூட 11. 1998இல் ஹூஸ்டனுக்குப் போன ராண்டி ஜான்சன் 11. 2015இல் டொரொண்டோவுக்குப் போன டேவிட் பிரைஸ் 11. 2021இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன மேக்ஸ் ஷெர்சர் 11. நீங்கள் வாங்குவது ஒரு மனிதரை அல்ல, இந்தப் பதினொன்றை.

அந்தப் பதினொன்றின் மதிப்பு என்ன? கையில் ஒரு துண்டுத்தாள் போதும். முதல்தரப் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டரை ரன் விட்டுக்கொடுப்பார் என்று வையுங்கள். அவர் வராவிட்டால் அந்த முறையில் எறியப்போகும் ஐந்தாம் இடத்து ஆள் ஐந்து ரன் விடுவார். ஆட்டத்துக்கு ஆறரை இன்னிங்ஸ் வீதம் பதினொரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 70 இன்னிங்ஸ். வித்தியாசம் 19 ரன். பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இந்தத் துறையில் வெகுநாளாகப் புழங்கும் கணக்கு. ஆக, இரண்டு வெற்றி. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும் அந்தப் பெரிய பெயர், அந்தப் பரபரப்பு, விமான நிலையத்தில் காத்திருக்கும் கேமராக்கள், எல்லாவற்றையும் வடிகட்டினால் அடியில் தங்குவது இரண்டே இரண்டு வெற்றி.

இரண்டு வெற்றி சிறியதா, பெரியதா என்பதைப் புள்ளிப் பட்டியல்தான் சொல்லும்.

நான் மிச்சிகனில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. டெட்ராய்ட் டைகர்ஸ் எனக்கு வாய்த்த அணி. தேர்ந்தெடுத்த அணி அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இதே வியாபாரத்தில் வாங்குபவராகவும் இருந்திருக்கிறது, விற்பவராகவும் இருந்திருக்கிறது, இரண்டிலும் அடிவாங்கியிருக்கிறது. இங்கே முடிதிருத்தும் கடையிலிருந்து கார் பழுதுபார்க்கும் பட்டறைவரை எங்கே வீரர் பரிமாற்றம் பற்றிப் பேச்செடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பெயர் வந்துவிடும்: ஜான் ஸ்மோல்ட்ஸ்.

கதை இது. 1987 ஆகஸ்ட் 12. டைகர்ஸ் தன் பிரிவில் டொரொண்டோ புளூ ஜேஸோடு முட்டிக்கொண்டிருந்தது. அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து அலெக்ஸாண்டரை வாங்கியது. அவருக்கு அப்போது 36 வயது, 37 நெருங்கிக்கொண்டிருந்தது. வேகம் போய்விட்டது, ஆனால் பந்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கும் கை போகவில்லை. பதிலுக்குக் கொடுத்தது ஒரே ஒரு இருபது வயதுப் பையனை. மிச்சிகனிலேயே பிறந்து வளர்ந்தவன், 1985 டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் ஆண்டுத் தேர்வில்) 22ஆம் சுற்றில் எடுத்தவன். நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில், மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே, 4 வெற்றி 10 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.68 ரன் என்று திணறிக்கொண்டிருந்தான்.

அலெக்ஸாண்டர் டெட்ராய்ட்டில் அந்த ஆண்டு 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.53 ரன். கடைசி வாரம் தொடங்கும்போது டொரொண்டோ மூன்றரை ஆட்ட முன்னிலையில் இருந்தது. அதன்பின் அது ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோற்றது. கடைசி மூன்று ஆட்டங்கள் டெட்ராய்ட்டில், மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் தெருவும் சந்திக்கும் மூலையிலிருந்த பழைய டைகர் ஸ்டேடியத்தில். வெள்ளிக்கிழமை அலெக்ஸாண்டர் எறிந்தார், 4-3. சனிக்கிழமை 12 இன்னிங்ஸ், 3-2. ஞாயிற்றுக்கிழமை லாரி ஹெர்ண்டன் அடித்த ஒரே ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல), 1-0. முடிவில் டெட்ராய்ட் 98 வெற்றி, டொரொண்டோ 96.

வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? இரண்டு. துண்டுத்தாளில் நாம் போட்ட அதே இரண்டு.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த சுற்றில் 85 வெற்றி மட்டுமே பெற்ற மினசோட்டா ட்வின்ஸ் அணியிடம் டெட்ராய்ட் 4-1 என்று தோற்றது. அலெக்ஸாண்டர் எறிந்த இரண்டு ஆட்டமும் தோல்வி. அவர் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தார். 1989இல் 18 தோல்வியோடு ஓய்வுபெற்றார். அந்தத் திணறிய பையனோ அட்லாண்டாவில் 210 வெற்றி, 154 சேவ் (கடைசியில் இறங்கி முன்னிலையைக் காத்த ஆட்டங்கள்), 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015இல் புகழரங்கில் இடம். குறிப்பாக அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களில் 15 வெற்றி, 4 தோல்வி. எந்த அக்டோபருக்காக அவனைக் கொடுத்தார்களோ அந்த அக்டோபரின் ராஜா அவன்தான். டெட்ராய்ட் மறுபடியும் பிளே ஆஃப் வாசலைப் பார்த்தது 2006இல்.

ஒரு கிளைக்கதை: இதே அலெக்ஸாண்டரை அதற்கு முந்தைய ஆண்டுதான் டொரொண்டோ அட்லாண்டாவுக்குக் கொடுத்திருந்தது. பதிலுக்கு வாங்கியது டுவேன் வார்டு என்ற இளம் பிட்சரை. 1992லும் 1993லும் டொரொண்டோ சாம்பியன் ஆனபோது முக்கியமான கைகளில் ஒன்று அவருடையது. ஒரே மனிதரை வைத்து இரண்டு ஊர்கள் இரண்டு ஆண்டுகளில் இரண்டு நல்ல பிட்சர்களைச் சம்பாதித்திருக்கின்றன. அலெக்ஸாண்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் போய் எறிந்தார்.

முடிதிருத்தும் கடைக் கட்சிக்கு இந்த வியாபாரம் அசட்டுத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதை எழுதினால் வசை வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்: 1987 ஆகஸ்டில் அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்றைக்குப் பிரிவை வென்ற அணிகளைத் தவிர வேறு யாருக்கும் அக்டோபரில் இடமில்லை. மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளான லீக்குகளுக்குத் தலா இரண்டே அணிகள். இரண்டாமிடம் என்றால் வீடு. முட்டிக்கொண்டிருந்த அணிக்கு இரண்டு வெற்றி தேவைப்பட்டது. வாங்கிய மனிதர் அதைக் கொடுத்தார். 4-10 என்று நிற்கும் பையன் புகழரங்குக்குப் போவான் என்பதை அன்று யாரும் படித்திருக்க முடியாது. பின்னால் தெரிந்த விடையை வைத்து முன்னால் எழுதிய தேர்வைத் திருத்துவது நியாயமில்லை. அடுத்த சுற்றில் அவர் தோற்றதை வைத்தும் திருத்தக் கூடாது. கதவுவரை கொண்டுவந்து விடுவதுதான் ஒப்பந்தம்.

நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்வது வேறு இரண்டு வியாபாரங்களுக்கு.

1998இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ராண்டி ஜான்சனை வாங்கியது. சியாட்டிலுக்குக் கொடுத்தது ஃபிரெடி கார்சியா, கார்லோஸ் கியென், ஜான் ஹலாமா. ஜான்சன் 10 வெற்றி 1 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.28 ரன். ஆறடி பத்தங்குல உயரத்திலிருந்து பந்து இறங்கும்போது இடக்கை பேட்டர்கள் கால் பின்வாங்குவது தொலைக்காட்சியிலேயே தெரியும். இப்படி மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டும் வாங்கும் வாடகைப் பிட்சர் எவரும் அதைவிட நன்றாக எறிந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஹூஸ்டன் தன் பிரிவை வென்றது பன்னிரண்டரை ஆட்ட வித்தியாசத்தில். அவர் வராமலே பத்தரை ஆட்டத்தில் வென்றிருப்பார்கள். நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர். பிளே ஆஃப் முதல் சுற்றில் சான் டியாகோவிடம் 3-1 என்று வெளியேறினார்கள். ஜான்சன் எறிந்த இரண்டு ஆட்டத்திலும் ஹூஸ்டன் எடுத்தது ஆட்டத்துக்கு ஒரு ரன். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் அரிசோனாவுக்குப் போய், அடுத்த நான்கு ஆண்டும் தொடர்ந்து சை யங் விருது வாங்கினார்.

மற்றது 2002, மாண்ட்ரியால் எக்ஸ்போஸ். அந்த அணியையே கலைத்துவிடப்போவதாகப் பேச்சிருந்த காலம். லீக்கே அதன் உரிமையாளர். நாளை இல்லை என்று சொல்லப்பட்டவர் செய்கிற செலவு அது. பார்டோலோ கோலோன் என்ற பிட்சருக்காகக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்த பெயர்கள்: கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ். மூவருமே பின்னாளில் ஆல் ஸ்டார்கள், அதாவது ஆண்டின் சிறந்த வீரர்களாகத் தேர்வானவர்கள்; லீ 2008இல் சை யங். கோலோன் அங்கே 10 வெற்றி 4 தோல்வி என்று குறையில்லாமல்தான் எறிந்தார். மாண்ட்ரியால் முதலிடத்துக்கு 19 ஆட்டம் பின்னால் முடித்தது. இரண்டு வெற்றியை வைத்துக்கொண்டு பத்தொன்பது ஆட்டப் பள்ளத்தைத் தாண்ட முடியாது என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

அக்டோபரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் ரசிகர்கள் கற்பனை செய்வது அதைத்தான். “இவர் இருந்தால் அக்டோபரில் இரண்டு ஆட்டம் கைக்குள்” என்பார்கள். டெட்ராய்ட் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறது.

2012 ஜூலையில் மயாமியிடமிருந்து அனிபால் சான்செஸை வாங்கினார்கள். கொடுத்ததில் முக்கியமானவன் ஜேக்கப் டர்னர், 2009 டிராஃப்ட்டில் ஒன்பதாவதாக எடுத்த பிட்சர். பிரிவை வென்றது மூன்று ஆட்டத்தில். பிளே ஆஃபில் சான்செஸ் நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்தார். அணி இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அங்கே சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக மூன்றாம் ஆட்டம்: சான்செஸ் ஏழு இன்னிங்ஸில் இரண்டு ரன். டெட்ராய்ட் எடுத்தது பூஜ்யம். 4-0 என்று தொடரே போயிற்று.

2014 ஜூலை 31இல் டேவிட் பிரைஸை வாங்கினார்கள். அவருக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஒப்பந்த உரிமை மிச்சமிருந்தது, அதனால் விலையும் கூட. பிரிவை வென்றது ஒரே ஆட்டத்தில். பிறகு பால்டிமோரிடம் 3-0 என்று தோல்வி. மூன்றாம் ஆட்டத்தில் பிரைஸ் எட்டு இன்னிங்ஸ் எறிந்து, நெல்சன் குரூஸிடம் ஒரே ஒரு ஹோம் ரன் வாங்கி, 2-1 என்று தோற்றார்.

ஜான்சனுக்கு இரண்டு ஆட்டத்தில் இரண்டு ரன், சான்செஸுக்குப் பூஜ்யம், பிரைஸுக்கு ஒன்று. பிட்சர் ரன்னைத் தடுக்கலாம், எடுக்க முடியாது. ஐந்து ஆட்டத் தொடரில் எந்த வாடகைக் கையும் அந்தச் சட்டத்தை மாற்றாது. அதனால் அக்டோபரைக் கணக்கில் சேர்க்காமல்தான் நான் விலை பேசுவேன். வந்தால் லாபம்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. மைக் இலிச். லிட்டில் சீசர்ஸ் பீட்சா கடைகளில் பணம் சேர்த்து, 1992இல் டைகர்ஸை வாங்கினார். அவருடைய ஹாக்கி அணியான ரெட் விங்ஸ் நான்கு முறை கோப்பை வென்றது. பேஸ்பால் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. பிரைஸை வாங்கிய நாளில் அவருக்கு வயது 85. வளரும் பையன்களை வைத்து நாம் பேசும் எதிர்காலம் என்பது அவருக்கு என்ன பொருள் தந்திருக்கும்? அடுத்த ஜூலையில் அணி சரிந்ததும் பிரைஸை டொரொண்டோவுக்கு விற்றார்கள். சில நாளிலேயே பொது மேலாளர் டேவ் டாம்ப்ரௌஸ்கியை அனுப்பிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் இலிச் காலமானார். அந்த ஆண்டு அணிக்கு 98 தோல்வி, 2019இல் 114. கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்கள் எல்லாரும் முடிவெடுப்பவருக்கு வயதே இல்லை என்பது போல எழுதுகிறோம். இலிச்சின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் பிரைஸை வாங்கியிருப்பேன். விதைநெல் பேச்சு என் காதில் ஏறியிருக்காது.

இப்போது விலையின் பக்கம். மேஜர் லீக்குக்குள் வரும் ஒரு வீரர் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை அணியின் உரிமை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருப்பார்; 2025இல் அது 7,60,000 டாலர். அதே தரத்தைச் சந்தையில் வாங்கினால் ஆண்டுக்கு இரண்டு மூன்று கோடி டாலர் ஆகும். ஒரு பையன் தேறிவிட்டால் அணிக்கு மிஞ்சும் பணம் இந்த இடைவெளிதான். டெட்ராய்ட், மில்வாக்கி, கிளீவ்லாந்து போன்ற ஊர்கள் பிழைப்பதே இதில்தான்.

சட்டம் மாறியதும் விலையை மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் வாடகைப் பிட்சர் ஆண்டு முடிவில் வேறிடம் போனால், இழந்த அணிக்கு டிராஃப்ட்டில் கூடுதல் இடம் கிடைக்கும். கொடுத்த விதைக்குப் பதிலாகச் சில விதைகள் திரும்பிவரும். 2012இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நடு ஆண்டில் வாங்கிய வீரர் போனால் ஒன்றும் கிடையாது. இன்னொரு பக்கம், 2022 முதல் பன்னிரண்டு அணிகள் பிளே ஆஃபுக்குள் போகின்றன. வாசல் அகலமாகிவிட்டதால் விற்க வருபவர் குறைவு, வாங்க வருபவர் அதிகம். பழைய கணக்கில் நியாயமாக இருந்த மூன்று பேர் இன்றைய கணக்கில் ஒருவர் கூடுதல். ஸ்மோல்ட்ஸ் காலத்தை வைத்து இன்றைக்கு விலை பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

யாரைக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான திறமை. 2008இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் சி.சி. சபாத்தியாவை வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜூலை 7; மற்றவர்களைவிட மூன்று வாரம் முந்திக்கொண்டதால் பதினொன்றுக்குப் பதில் பதினேழு ஆட்டம் கிடைத்தது. 11 வெற்றி 2 தோல்வி. அதில் ஏழு ஆட்டம் முழுக்க அவரே எறிந்து முடித்தார். கடைசியில் நான்கு நாள் ஓய்வு வேண்டிய கைக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, அடுத்தடுத்து மூன்று முறை களமிறங்கினார். அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் இல்லாத மனிதர், கோடிக்கணக்கான டாலரை எதிர்பார்த்து நிற்கும் தோள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மில்வாக்கி ஒரே ஆட்ட வித்தியாசத்தில் நியூயார்க் மெட்ஸை முந்தி, 1982க்குப் பிறகு முதல்முறையாக அக்டோபருக்குள் நுழைந்தது.

அதற்குக் கொடுத்த விலையில் பெரிய பெயர் மேட் லபோர்ட்டா, அதற்கு முந்தைய ஆண்டின் டிராஃப்ட்டில் ஏழாவது ஆள். எல்லாரும் அவரைத்தான் நினைத்து வயிற்றெரிச்சல் பட்டார்கள். அவர் தேறவில்லை. தேறியவர் மைக்கேல் பிரான்ட்லி, ‘பெயர் பின்னால் சொல்லப்படும்’ என்று ஒப்பந்தக் கடைசி வரியில் இருந்தவர். மில்வாக்கி பிளே ஆஃபுக்குப் போனால் அந்தக் கடைசி ஆளைத் தேர்வு செய்யும் உரிமை கிளீவ்லாந்துக்கு என்று பேசியிருந்தார்கள். போனது, அவர்கள் பிரான்ட்லியைக் கேட்டார்கள். ஐந்து முறை ஆல் ஸ்டார். சபாத்தியா குளிர்காலத்தில் 16.1 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார். மில்வாக்கியில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் யாரும் பிரான்ட்லியைப் பற்றிக் கேட்பதில்லை.

கொடுக்கப்படுகிற பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஜூலைக் கடைசியில் டொலீடோ போயிருந்தேன். டெட்ராய்ட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம். அங்கே டைகர்ஸின் கிளை அணி, மட் ஹென்ஸ். மட் ஹென் என்றால் நம் ஏரிகளில் நீந்தும் நாமக்கோழியின் உறவுப் பறவை. மூன்றாம் இன்னிங்ஸ்வரை ஆடிய ஓர் இளைஞன் நான்காம் இன்னிங்ஸுக்குக் களத்துக்கு வரவில்லை. அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் முழங்கையால் என்னை இடித்து வீரர் மாடத்தைக் காட்டினார். அங்கே ஒவ்வொருவராக எழுந்து அவனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். “விற்றுவிட்டார்கள்” என்றார் பெரியவர். பையன் சிரித்தபடியே இருந்தான். தொப்பியை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டான். அவன் இடத்தில் வேறு எண் நின்றது. பெரியவர் ரப்பரால் எதையும் அழிக்கவில்லை. பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுப் புதுப் பெயரை எழுதினார்.

என் விதிக்கு எதிரான சாட்சிகளும் இருக்கிறார்கள். 2015இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஜானி குவேட்டோவை வாங்கியது. பிரிவை அவர்கள் வென்றது 12 ஆட்டத்தில். நான் சொன்னபடி பார்த்தால் தேவையில்லாத செலவு. போதாக்குறைக்கு அவர் அங்கே 4 வெற்றி 7 தோல்வி. டொரொண்டோவில் ஒரு பிளே ஆஃப் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலேயே எட்டு ரன். அதே மனிதர் வேர்ல்ட் சீரிஸ் இரண்டாம் ஆட்டத்தில் முழு ஆட்டமும் எறிந்து இரண்டே ஹிட் (பேட்டர் அடித்துவிட்டு ஓடி இடம்பிடிப்பது) கொடுத்தார். ராயல்ஸ் 1985க்குப் பிறகு சாம்பியன். மறு ஆண்டு சிகாகோ கப்ஸ், பதினேழரை ஆட்டத்தில் பிரிவை வென்ற அணி, அரோல்டிஸ் சாப்மனுக்காக க்ளேபர் டோரஸ் என்ற பெரிய நாற்றைக் கொடுத்தது. 1908க்குப் பிறகு முதல் கோப்பை வந்தது. கப்ஸ் ரசிகரிடம் போய் நான் இந்தத் துண்டுத்தாளை நீட்ட மாட்டேன்.

சாப்மன் விஷயத்தில் ஒரு திருத்தம் செய்துகொள்கிறேன். அவர் ஆட்டத்தைத் தொடங்குபவர் அல்ல, முடிப்பவர். அக்டோபரில் ஓய்வு நாள்கள் அதிகம் என்பதால் அப்படிப்பட்டவரை நெருக்கமான ஆட்டம் ஒவ்வொன்றிலும் இறக்கலாம். 2016 வேர்ல்ட் சீரிஸில் ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று ஆட்டத்திலும் தொடர்ந்து எறிந்தார். ஏழாவதில் ரஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்கி ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டார் என்பது வேறு. ஆக, பத்து ஆட்டம் முன்னால் இருக்கும் அணி வாங்கியே தீருவேன் என்று அடம்பிடித்தால், தொடங்குபவரை விட்டுவிட்டு முடிப்பவரை வாங்கட்டும். குவேட்டோவுக்கு என்னிடம் விளக்கமில்லை. நாணயம் சில நேரம் தலையாக விழும்.

டெட்ராய்ட் விற்பவராக நின்ற 2024ஐயும் சொல்ல வேண்டும். ஜூலை 30இல் பிட்சர் ஜாக் ஃபிளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து தைரான் லிரான்சோ, டிரே ஸ்வீனி என்ற இருவரை வாங்கினார்கள். ஆகஸ்ட் 10இல் அணி 55 வெற்றி 63 தோல்வி. நானும் அந்த ஆண்டை முடித்துவைத்துவிட்டேன். பிறகு 31 வெற்றி 13 தோல்வி! வாங்கிவந்த ஸ்வீனியே ஷார்ட் ஸ்டாப் என்ற முக்கியத் தடுப்பிடத்தில் நின்றான். 2014க்குப் பிறகு முதல்முறையாக பிளே ஆஃப். ஃபிளாஹர்ட்டி அங்கே சாம்பியன் மோதிரம் வாங்கிக்கொண்டு, அடுத்த பிப்ரவரியில் இரண்டாண்டுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டெட்ராய்ட்டுக்கே திரும்பினார். வாடகைக்கு விட்ட வீடு, வாடகையும் வந்து வீடும் திரும்பிவந்த கதை. இப்படி அமைவது அபூர்வம், இதை யாரும் திட்டமாக எழுதிவைக்க வேண்டாம்.

2025இல் நிலைமை தலைகீழ். ஜூலை முற்பகுதியில் டெட்ராய்ட் கிளீவ்லாந்தைவிட பதினைந்தரை ஆட்டம் முன்னால். மேலிடத்து நாற்றுகளான கெவின் மக்கானிகல், மேக்ஸ் கிளார்க் இருவரையும் தொடாமல், சார்லி மார்ட்டன், கிறிஸ் பேடக் போன்ற விலை குறைந்த கைகளை வாங்கினார்கள். என் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார்கள் என்றுகூடச் சொல்வேன். மார்ட்டனை செப்டம்பர் முடியும் முன்பே விடுவிக்க வேண்டிவந்தது. முன்னிலை கரைந்து கரைந்து, முடிவில் கிளீவ்லாந்து 88 வெற்றி, டெட்ராய்ட் 87. ஒரே ஓர் ஆட்டம். வாசல் அகலமாக இருந்ததால் பக்கவாட்டில் நுழைந்து, அதே கிளீவ்லாந்தை முதல் சுற்றில் தோற்கடித்தார்கள். பிறகு சியாட்டிலில் அடுத்த சுற்றின் ஐந்தாம் ஆட்டம்: சொந்த நட்சத்திரம் டாரிக் ஸ்குபல் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது, 3-2 என்று தோல்வி. முடிதிருத்தும் கடையில் அன்றைக்கு யாரும் ஸ்மோல்ட்ஸ் பெயரை எடுக்கவில்லை. ஏன் யாரையும் வாங்கவில்லை என்றுதான் கேட்டார்கள்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். இரண்டு ஆட்டம் பின்னால், ஜூலை கடைசி வாரம், மூன்று பையன்கள். முதலில், இன்றே பேசுங்கள். 31ஆம் தேதிவரை இழுத்தால் ஓர் ஆட்டம் கைநழுவிவிடும், விலை குறையாது. மூவரில் மேஜர் லீக் வாசலிலேயே நிற்பவன் ஒருவன் இருந்தால் அவனை எடுத்துவிட்டு, இன்னும் மூன்று ஆண்டு தொலைவில் இருக்கும் இருவரைக் கொடுங்கள். தொலைவில் இருப்பவனின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இன்னும் ஏராளமான விபத்துகள் காத்திருக்கின்றன. பிட்சரையும் பேட்டரையும் ஒருசேரக் கேட்டால் பிட்சரைக் கொடுங்கள், அதே காரணத்துக்காக. பேப்பரில் முதலில் வரும் பெரிய பெயருக்காக மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். எதிர்த் தரப்பு கடைசியாக, போகிறபோக்கில், “அப்புறம் அந்தக் கிளென்ஸ் ஃபால்ஸ் பையனையும் சேர்த்துவிடுங்களேன்” என்கிறதே, அந்தப் பெயரை அன்றிரவே தேடிப்பிடித்து, அவன் எறிவதை யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.